சுண்ணாம்பு டப்பாவைத் தொடாதே, தம்பி!

உன் பியர்டட் டிராகன் பல்லிக்குக் கால்சியம் வேண்டும் என்று யாரோ சொன்னதும், ஆயாவின் வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பைக் காயவைத்து அரைக்கலாமா என்று கேட்டாய் பார், அது கூடவே கூடாது. சுண்ணாம்பிலும் கால்சியம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் டேனரிகளில் பச்சைத் தோலிலிருந்து மயிரைக் கழற்ற ஊறப்போடுவது அதே சுண்ணாம்பில்தான். வெற்றிலையில் ஒரு துளி கூடிப்போனால் நமக்கே நாக்கு வெந்துவிடுகிறது. உன் பல்லியின் வாய் எம்மாத்திரம்?

அதற்கு வேண்டியது கால்சியம் கார்பனேட். ஊர்வனவற்றுக்கென்று டப்பாவில் விற்கிற சாதாக் கால்சியம் பொடி பெரும்பாலும் இதுதான். முட்டை ஓட்டிலும், லவ் பேர்ட்ஸ் கூண்டில் தொங்கவிடுகிற கணவாய் ஓட்டிலும் இருப்பதும் இதுவே. முட்டை ஓட்டைக் கொதிக்கவைத்து, உள்சவ்வை உரித்து, நன்றாகக் காயவைத்து மிக்ஸியில் அரை. பிறகு மெல்லிய துணியில் சலித்து வஸ்திரகாயம் செய். நறநறவென்று இருந்தால், பல்லிக்குத் தீனியாகப் போடும் பூச்சிமேல் ஒட்டாது. கோழிக்குப் போடும் கிளிஞ்சல் தூள் அதனால்தான் உதவாது. மாட்டுக்குத் தருகிற தாது உப்புக் கலவையும் வேண்டாம், அதில் பாஸ்பரஸும் சேர்ந்தே இருக்கும். நாம் சரிக்கட்டப் பார்ப்பதே பாஸ்பரஸை!

கணக்கைக் கேள். 100 கிராம் சுவர்க்கோழிப் பூச்சியில் கால்சியம் சுமார் 40 மில்லிகிராம், பாஸ்பரஸ் ஏறக்குறைய 300. பறவைக் கடையில் கிடைக்கிற மீல்வார்மில் நிலைமை இன்னும் மோசம், கால்சியத்தைப் போல் பதினேழு மடங்கு பாஸ்பரஸ். பல்லிக்கு வேண்டியதோ தலைகீழ்: பாஸ்பரஸ் ஒரு பங்கென்றால் கால்சியம் இரண்டு பங்கு. பொடி போடாமல் வளர்த்தால் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துச் செலவு செய்யும். தாடை இளகும், கால் வளையும்.

பொடிக்கு முன்னால் பூச்சியின் வயிற்றைக் கவனி. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கடையிலிருந்து வருகிற சுவர்க்கோழி பட்டினியாக வருகிறது. அதை அப்படியே போட்டால் உன் பல்லி தின்பது வெறும் ஓடு. ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், கேழ்வரகு மாவு, முருங்கைக்கீரை, கேரட் துண்டு போட்டு வைத்திரு. பாலக்கீரை வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் விழுந்து சாகும். கேரட்டின் ஈரமே போதும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமுக்குப் பக்கம் கால்சியம் உண்டு. ஆனாலும் கேழ்வரகு போட்டாயிற்றே என்று பொடியை நிறுத்திவிடாதே, அது மட்டும் கால்சியம்-பாஸ்பரஸ் கணக்கைத் திருப்பாது.

இனி தூவுகிற வேலை. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு சிட்டிகை பொடி, அந்த வேளைக்கு வேண்டிய பூச்சி மட்டும். மூடி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்று. நெற்றியில் திருநீறு இட்ட மாதிரி மெலிதாக வெளுத்தால் சரி. மாவில் புரட்டின மாதிரி அப்பிக்கொண்டிருந்தால் பல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பூச்சி துள்ளி ஓடும் என்று பயமாக இருந்தால், டப்பாவை இரண்டு மூன்று நிமிஷம் ஃப்ரிட்ஜில் வை, அடங்கிவிடும். (அம்மாவிடம் சொல்லிவிட்டு வை. சொல்லாமல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடாதே.) தூவிய உடனே போடு. சுவர்க்கோழி சுத்தக்காரப் பூச்சி, காலாலும் வாயாலும் துடைத்துத் துடைத்துச் சில மணி நேரத்தில் பொடியில் பெரும்பகுதியை உதறிவிடும். காலையில் தூவி மாலை வரை கூண்டுக்குள் திரியவிட்டால் பொடி போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான். பத்து நிமிஷத்தில் தின்னாததைப் பொறுக்கி எடுத்துவிடு. இரவில் பசித்தால் சுவர்க்கோழி, தூங்குகிற பல்லியையே கடிக்கும். பூச்சியின் அளவு, பல்லியின் இரண்டு கண்ணுக்கு நடுவே இருக்கிற இடைவெளிக்கு மேல் போக வேண்டாம்.

வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடி, மல்டிவைட்டமின் பொடி இரண்டையும் தனித்தனியாக வாங்கு. குட்டிக்குச் சாதாக் கால்சியம் தினமும், வளர்ந்ததற்கு வாரத்தில் சில நாள். டி3 வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, மல்டிவைட்டமின் ஒரு முறை. அதற்கு மேல் டி3 போனால் சிறுநீரகத்திலும் ரத்தக்குழாயிலும் கால்சியம் படியும். நம் கால்சியம் மாத்திரையை நுணுக்கித் தூவுவது அதனால்தான் ஆபத்து, பெரும்பாலான மாத்திரைகளில் டி3 மனிதனின் கணக்குக்குச் சேர்த்திருக்கும். நம் ஊர் திமிரியின் வெயிலுக்கு வைட்டமின் பொடி சீக்கிரம் வீரியம் இழக்கும். சின்ன டப்பாவாக வாங்கி, பிரித்த தேதியை மூடியில் எழுதி, ஆறு மாதத்தில் மாற்று.

வெயில் இலவச டி3. ஆனால் கண்ணாடி வழியாக வருகிற வெயிலில் வேண்டிய புற ஊதாக்கதிர் வராது. கம்பிவலைக் கூண்டில், காலை இளவெயிலில், பாதி நிழல் இருக்கும்படி வை. கத்திரி வெயிலில் மாடியில் வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனால் திரும்பி வரும்போது பல்லி இருக்காது.

வயலில் வெட்டுக்கிளி பிடித்துப் போட்டால் காசு மிச்சம்தான். ஆனால் நெல்லுக்கும் வேர்க்கடலைக்கும் மருந்து அடிக்கிற ஊர் இது. டேனரிக் கழிவு ஓடுகிற கால்வாய்க் கரைப் பக்கம் போகவே போகாதே. அப்புறம், பிடித்துக்கொண்டுவந்து தருகிறேன் என்று எவனாவது உடும்பையோ நட்சத்திர ஆமையையோ நீட்டினால் கை வைக்காதே. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஜெயில் உண்டு. வெளிநாட்டுப் பிராணி என்றாலும் பில் இல்லாமல் வாங்காதே. சட்டப் பட்டியலில் உள்ளவற்றுக்கு 2024 விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும்.

பல்லியின் விரல் நடுங்கினாலோ, தாடை ரப்பராக வளைந்தாலோ, பொடியைக் கூட்டிப் போட்டுப் பார்க்கலாம் என்று நாளைக் கடத்தாதே. ஆற்காட்டில் சென்னை பஸ் ஏறு. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போ. போகும்போது நீ தூவுகிற எல்லாப் பொடி டப்பாவையும் பையில் போட்டுக்கொள். எதில் எவ்வளவு டி3 இருக்கிறது என்பதை டாக்டர் லேபிளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும், நீ ஞாபகத்திலிருந்து சொல்லாதே.