ஏ.சி. பழுது: நாமே பார்க்கலாமா, மெக்கானிக்கை அழைக்கலாமா?

ஏ.சி.யை ஆன் செய்தவுடன் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் மானிட்டர் மேல் விழுகிறது. வருடா வருடம் காஸ் போட்டும் அறை குளிரவில்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, அதற்கென ஓர் அறையும் ஒதுக்கி, அந்த அறைக்கு ஏ.சி.யும் மாட்டியவர்கள் அடிக்கடி சொல்லும் குறைகள் இவை. இவற்றில் எதை நாமே சரிசெய்யலாம், எதற்கு மெக்கானிக்கை அழைக்க வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் காண்போம். கம்ப்யூட்டர் பற்றி நீங்கள் ஏற்கெனவே கற்ற ஒரு விதியே இதற்கும் போதும்.

என் வீடு திருவொற்றியூரில், எண்ணூர் விரைவு சாலைக்கு அருகில் இருக்கிறது. இரண்டாவது மாடி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் இரவு பகலாகக் கன்டெய்னர் லாரிகள். கம்ப்யூட்டர் அறையில் ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று உண்டு. மூன்று கோடைகள் தொடர்ந்து அது குளிராமல் போனது. மூன்று முறையும் ஒருவரை அழைத்தேன். வந்தார், "காஸ் கம்மி சார்" என்றார், போட்டார், பணம் வாங்கிக்கொண்டு போனார். நான்காவது கோடையில் எனக்குக் கோபம் வந்தது. இணையத்தில் இரண்டு வீடியோக்களைப் பார்த்தேன். நாமே பார்த்துவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவருடன் ஜன்னல் வழியாக சன்ஷேடில் இறங்கினேன்.

ரிமோட்டில் ஏ.சி.யை நிறுத்தியிருந்தேன். மெயின் ஸ்விட்சை நிறுத்தவில்லை. அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே ஸ்க்ரூடிரைவரை வைத்ததுதான் தெரியும். பளீரென்று ஒரு பொறி, கையில் ஓர் உதறல். ஸ்க்ரூடிரைவர் கீழே தெருவில் போய் விழுந்தது. நான் விழாமல் போனதற்கு ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த இடது கைதான் காரணம். கீழே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் மேல் அந்த ஸ்க்ரூடிரைவர் விழாததும் நல்ல நேரம்தான். அன்று இரவு என் மனைவி என்னிடம் பேசவே இல்லை.

சி.பி.யு. கேபினட் சொல்லும் பாடம்

கம்ப்யூட்டரில் கேபினட்டைத் திறந்து தூசு தட்டலாம், ரேம் கார்டைக் கழற்றி மாட்டலாம் என்று நாம் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள் என்று எச்சரிக்கிறோம். ஏன்? ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதிலுள்ள கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஏ.சி.க்கும் இதே விதிதான். அவுட்டோர் யூனிட்டில் கம்ப்ரசருக்கென்று ஒரு பெரிய கெபாசிட்டர் உண்டு. இன்வெர்ட்டர் வகை ஏ.சி.யின் போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. மின்சாரம் இருக்கும். மெயினை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் அது தங்கும். நான் மெயினையே நிறுத்தவில்லை!

ஆகவே விதி இதுதான்: ஸ்க்ரூ கழற்றாமல், தரையில் நின்றபடி, மெயினை நிறுத்திவிட்டுச் செய்யக்கூடியது நம் வேலை. மின்சாரம், காஸ், உயரம் ஆகிய மூன்றில் ஒன்று குறுக்கிட்டாலும் அது மெக்கானிக்கின் வேலை.

நம் பகுதியில் என்ன சிறப்பு?

ஏ.சி.யின் காயில் என்பது செம்புக் குழாயும், அதைச் சுற்றி அடுக்கிய மெல்லிய அலுமினியத் தகடுகளும்தான். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களில் கடல் காற்றில் உப்பு வருகிறது. உப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில் செம்பும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அலுமினியம் வேகமாக அரிக்கப்படும். தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிரும். நாளடைவில் குழாயிலும் ஊசி முனை அளவு ஓட்டை விழலாம்.

உப்புடன் தூசும் சேர்கிறது. சென்னை துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நீதிமன்ற உத்தரவால் 2011-ல் நின்று, அந்த வேலை எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. 2014-ல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியது அதுதான். பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டாலும் அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் அனல் மின் நிலையங்கள் இயங்குகின்றன. ஆகவே சாம்பலும் கரித்தூளும் லாரிப் புழுதியும் நமக்குப் புதிதல்ல. ஏ.சி. ஃபில்டரைக் கழுவும்போது தண்ணீர் கறுப்பாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் சி.பி.யு. விசிறியிலும் அதே கறுப்புதான் படிகிறது.

நாமே செய்யக்கூடியவை

1. ரிமோட் சோதனை: பேட்டரியை மாற்றுங்கள். பிறகு மொபைல் போனின் முன்பக்கக் கேமராவை ஆன் செய்து, அதற்கு நேராக ரிமோட்டைப் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் மின்னினால் ரிமோட் நன்றாக இருக்கிறது. 'கூல்' என்ற மோடில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 'ஃபேன்' அல்லது 'ட்ரை' மோடில் வைத்துவிட்டுக் குளிரவில்லை என்பவர்கள் பலர்.

2. ஃபில்டர்: முன் மூடியைத் தூக்கி ஃபில்டரை உருவுங்கள். சாதாரணத் தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை போதும். மெயின் ரோட்டை ஒட்டிய வீடாக இருந்தால் வாரம் ஒருமுறை செய்யுங்கள். அடைத்த ஃபில்டரால் காற்று குறைந்து காயிலில் பனிக்கட்டி கட்டும். அதைப் பார்த்து 'காஸ் கம்மி' என்று தவறாக நினைப்பதும் உண்டு.

3. தண்ணீர்க் குழாய்: உள் யூனிட்டிலிருந்து நீர் சொட்டினால் பெரும்பாலும் வெளியேறும் குழாயில் அழுக்கு அடைத்திருக்கும். குழாயின் வெளி முனை கைக்கு எட்டினால் அடைப்பை எடுங்கள். அதற்கு முன் ஒன்று: உள் யூனிட்டுக்கு நேர் கீழே கம்ப்யூட்டர் மேஜையைப் போடாதீர்கள்.

4. அவுட்டோர் யூனிட்: அது மொட்டை மாடியிலோ பால்கனியிலோ, நீங்கள் பத்திரமாக நிற்கக்கூடிய இடத்தில் இருந்தால் மட்டும், மெயினை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை தகடுகளின் மேல் நல்ல தண்ணீரை மெதுவாக விடுங்கள். உப்பு கரைந்து போகும். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் வளைந்துவிடும். ஒயர்கள் உள்ள பக்கத்தில் தண்ணீர் படக்கூடாது. சன்ஷேடில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

5. வெப்ப அளவு: 1.1.2020 முதல் நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் ஆன் ஆகும்படி வர வேண்டும் என்பது விதி. அதுவே போதும். கம்ப்யூட்டருக்காக 18-ல் வைக்கத் தேவையில்லை. பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்கள் 35 டிகிரி வரை வேலை செய்யும்படிதான் தயாரிக்கப்படுகின்றன.

மெக்கானிக்கை அழைக்க வேண்டியவை

காஸ்: ஸ்க்ரூடிரைவர் சம்பவத்துக்குப் பிறகு தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு இதே தொழிலைப் படித்தவர். காஸ் சிலிண்டரைத் தொடுவதற்கு முன் சோப்பு நுரையைக் காயிலில் தடவினார். ஒரு வளைவில் குமிழி வந்தது. "சார், இது பெட்ரோல் இல்ல, ஓட ஓட தீர்றதுக்கு. குறைஞ்சிருக்குன்னா எங்கயோ வெளிய போவுதுன்னு அர்த்தம். அடைக்காம ஊத்தினா மறுபடியும் போயிடும்" என்றார். மூன்று ஆண்டுகளாக என் பணம் அந்த ஓட்டை வழியாகத்தான் போயிருக்கிறது. காயிலைக் காட்டினார். தகடுகள் விரல் பட்டாலே உதிர்ந்தன. புதுக் காயில் மாற்றினோம். மூன்று முறை காஸுக்குக் கொடுத்த பணத்தை முதலிலேயே சேர்த்துக் கொடுத்திருந்தால் பெரும்பகுதி முடிந்திருக்கும்.

காஸ் வேலையை நாம் தொடவே கூடாததற்கு வேறு காரணமும் உண்டு. இப்போது வரும் ஏ.சி.களில் பரவலாக உள்ள ஆர்32 காஸ் ஓரளவு தீப்பற்றக்கூடியது. சில ஏ.சி.களில் உள்ள ஆர்290 என்பது புரொப்பேன், நன்றாகவே தீப்பற்றும். ஆர்32, ஆர்410ஏ ஆகியவற்றின் அழுத்தம் பழைய ஆர்22-ஐப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. எந்தக் காஸ், எத்தனை கிராம் என்பது யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

மின்சாரம்: எம்.சி.பி. திரும்பத் திரும்ப விழுந்தாலும், கருகிய வாடை வந்தாலும், ப்ளக் சுட்டாலும் நிறுத்திவிட்டு அழையுங்கள். ஏ.சி. போட்டதும் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆவதும் இந்த வகைதான். பழைய வகைக் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் வழக்கத்தைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். இரண்டும் ஒரே லைனில் இருந்தால் வோல்டேஜ் இறங்கும், கம்ப்யூட்டர் தடுமாறும். எலெக்ட்ரீஷியனை வைத்து ஏ.சி.க்குத் தனி லைனும் எர்த்தும் போடுங்கள். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் ஏ.சி.யை மாட்டவே கூடாது.

வெள்ளம்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பகுதியில் வெள்ளம் புகுந்தது. எண்ணூர் முகத்துவாரப் பக்கம் எண்ணெயும் கலந்து வந்தது. நீரில் நின்ற அவுட்டோர் யூனிட்டையோ ஸ்டெபிலைசரையோ 'காய்ந்துவிட்டது' என்று நீங்களாக ஆன் செய்யக்கூடாது. நனைந்த சி.பி.யு.வுக்கும் இதே விதிதான்.

அழைக்கும் முன் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

முதலில் ஏ.சி.யின் மாடல் எண் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் சேமியுங்கள். பில், வாரண்டி கார்டு போட்டோக்களும் அதிலேயே இருக்கட்டும். வாரண்டி உள்ள ஏ.சி.யை வெளியாள் திறந்தால் வாரண்டி போய்விடலாம். கம்ப்ரசருக்கு மட்டும் பல கம்பெனிகள் நீண்ட வாரண்டி தருகின்றன, கார்டைப் படித்துப் பாருங்கள்.

அடுத்து, டிஸ்ப்ளேயில் எழுத்தும் எண்ணுமாக ஏதாவது மின்னினால் அது எர்ரர் கோடு. கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உங்கள் மாடலின் மேனுவலை டவுன்லோடு செய்து பொருள் பாருங்கள். ஒரு முக்கிய எச்சரிக்கை: கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடிக் கிடைக்கும் எண்களை அப்படியே நம்பாதீர்கள். போலி எண்கள் உண்டு. வாரண்டி கார்டில் உள்ள எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். ஓ.டி.பி. கேட்டாலோ, மொபைலில் ஏதாவது சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்யச் சொன்னாலோ இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

மூன்றாவது, எக்ஸெல்லில் ஒரு சர்வீஸ் டைரி. முதல் வரிசையில் தேதி, செய்த வேலை, செய்தவர், செலவு, அடுத்த தேதி என்று ஐந்து தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஃபில்டர் கழுவிய தேதியை முதல் காலத்தில் கொடுங்கள். கடைசிக் காலத்தில் சமக்குறியை டைப் செய்து, அந்தத் தேதியுள்ள செல்லை க்ளிக் செய்து, +15 என்று டைப் செய்து எண்டரைத் தட்டுங்கள். அடுத்துக் கழுவ வேண்டிய தேதி வந்துவிடும். தேதிக்குப் பதில் பெரிய எண் வந்தால் பயப்பட வேண்டாம். செல்லில் ரைட் க்ளிக் செய்து 'ஃபார்மேட் செல்ஸ்' சென்று 'டேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி அந்தக் காலத்தைத் தேர்வு செய்து, 'ஹோம்' டேபில் 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்', 'ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ்', 'எ டேட் அக்கரிங்' என்று சென்று 'திஸ் வீக்' கொடுத்தால், இந்த வாரம் செய்ய வேண்டிய வேலை வண்ணத்தில் தெரியும். இந்த டைரி என்னிடம் முன்பே இருந்திருந்தால், 'செய்த வேலை' காலத்தில் 'காஸ்', 'காஸ்', 'காஸ்' என்று மூன்று முறை வந்ததைப் பார்த்தே ஓட்டையைச் சந்தேகித்திருப்பேன்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. லீக் எங்கே என்று பார்த்தீர்களா? நைட்ரஜன் அடைத்துச் சோதிப்பீர்களா?
2. காஸ் ஏற்றும் முன் வாக்குவம் பம்ப் போடுவீர்களா?
3. ஸ்டிக்கரில் உள்ள எடைக்குத் தராசில் வைத்து ஏற்றுவீர்களா?
4. மாற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் தருவீர்களா?

நல்ல தொழிலாளி இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். அவர் சன்ஷேடில் இறங்கும்போது இடுப்பில் பெல்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், பெல்ட் கொண்டுவரும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் புழுக்கத்தைத் தாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் இப்போது ஃபில்டர் கழுவுவது என் வேலை, டைரி எழுதுவது மகளின் வேலை. அந்த ஜன்னலுக்கு மட்டும் என் மனைவி ஒரு சிறிய பூட்டுப் போட்டிருக்கிறார். சாவி அவரிடம்தான் இருக்கிறது.