தீபாவளி வருது, தோளைக் கொஞ்சம் இறக்குங்க!



பாடத்தைத் தொடங்கும் முன் ஒரு சின்ன சோதனை. இருக்கிற இடத்தில் அப்படியே அசையாமல் இருங்க. உங்க தோள்கள் எங்கே இருக்கின்றன? காதுப் பக்கம் ஏறி நிற்கின்றனவா? பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறீர்களா? மூச்சு வயிறு வரை போகிறதா, நெஞ்சோடு நின்றுவிடுகிறதா? இளைஞர் வகுப்பில் நான் இதைக் கேட்டதும் நாலைந்து பேருடைய தோள் சட்டென்று இறங்கும். அதுவரை அது ஏறியிருந்ததே அவர்களுக்குத் தெரியாது. பெருநாள் கால இறுக்கம் இப்படித்தான், நமக்குத் தெரியாமலேயே உடம்பில் சேர்ந்துகொண்டே போகும்.

இறுக்கம் எப்படிச் சேருகிறது?

நான் பிசியோதெரபிஸ்ட். தீபாவளி முடிந்த வாரத்தில் என்னிடம் வருபவர்களில் அம்மாக்கள் அதிகம். "கழுத்தைத் திருப்ப முடியலைங்க", "இடுப்பு பிடிச்சுக்கிச்சு" என்பார்கள். விழுந்தீர்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள். மூன்று வாரமாக என்ன செய்தீர்கள் என்று கேட்டால்தான் பட்டியல் வரும்: திரைச்சீலை கழற்றித் துவைத்தது, அலமாரி நகர்த்தியது, ராத்திரி பன்னிரண்டு மணி வரை முறுக்கு பிழிந்தது, கிள்ளானுக்கும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கும் துணி எடுக்க அலைந்தது.

அவசரம் வந்தால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு குறுகும், தசைகள் இறுகும். புலி துரத்தினால் ஓடுவதற்காக அமைந்த ஏற்பாடு இது. புலி போய்விட்டால் உடம்பு தளர்ந்துவிடும். ஆனால் நம்ம பெருநாள் வேலை போகவே போகாது. ஒன்று முடிந்தால் அடுத்தது நிற்கும். இறுகிய தசை தளராமலே இருந்தால் அதற்குள் ரத்த ஓட்டம் குறையும், வலி தொடங்கும். அதனால் "எல்லாம் முடியட்டும், அப்புறம் ஓய்வெடுக்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது. வேலைக்கு நடுவிலேயே இறக்கி வைக்க வேண்டும். அதற்கு நான்கு வழிகள்.

1. மூச்சை நீளமாக விடுங்க

மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், வெளியே விடும்போது சற்றுக் குறையும். ஆகவே விடும் மூச்சை நீட்டினால் உடம்பு அமைதியாகும். திருமந்திரத்தில் திருமூலர் சொல்லும் பிராணாயாமக் கணக்கிலும் இழுப்பது 16, விடுவது 32, அதாவது இரு மடங்கு. நடுவே 64 மாத்திரை அடக்கச் சொல்கிறார். அது குருவிடம் கற்க வேண்டிய பயிற்சி, நீங்களாகச் செய்யாதீங்க. நமக்கு எளிய வழி: மூன்று எண்ணி இழுங்க, ஆறு எண்ணி விடுங்க. பத்து முறை போதும். கடையில் வரிசையில் நிற்கும்போதுகூடச் செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

2. இறுக்கி, விடுங்க

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர், தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும் பயிற்சியைப் பற்றி 1929-இல் ஒரு நூல் எழுதினார். இன்று நாங்கள் கற்றுத்தரும் முறை இது: கை முட்டியை ஐந்து விநாடி இறுக்கி, சட்டென்று விட்டு, பதினைந்து விநாடி அந்தத் தளர்ச்சியைக் கவனிக்க வேண்டும். பிறகு தோள், முகம், வயிறு, தொடை, பாதம். வலி இருக்கும் இடத்தை மட்டும் இறுக்க வேண்டாம். படுக்கும் முன் பாயில் சவாசனத்தில் படுத்துச் செய்தால் தூக்கம் நன்றாக வரும். சவாசனம் களைப்பைப் போக்கும் என்று ஹட யோகப் பிரதீபிகையும் சொல்கிறது.

3. வேலை செய்யும் விதத்தை மாற்றுங்க

தரையில் குனிந்து முறுக்கு பிழிந்தால் பாரமெல்லாம் கழுத்துக்கும் தோளுக்கும் போகும். இடுப்பு உயர மேசையில் தட்டை வைத்து, நின்றபடி பிழியுங்க. மாவு ரொம்பக் கெட்டியாக இருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசையுங்க. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றுங்க. தம்பிகளே, ஜிம்மில் எடை தூக்கும் கைக்கு முறுக்கு அச்சு ஒன்றும் பெரிய பாரமில்லை! பொருளைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி, பொருளை உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்குங்க.

4. சாலையில் அவசரம் வேண்டாம்

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பெருநாள் நெரிசலில் எத்தனை மணி நேரமாகும் என்று சொல்ல முடியாது. பகல் முழுக்க வேலை செய்துவிட்டு ராத்திரியில் வண்டி எடுக்காதீங்க. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓய்வுத்தளத்தில் நிறுத்தி இறங்கி நடங்க. கண் சொக்கினால் இருபது நிமிடம் தூங்குங்க. காப்பி கொஞ்ச நேரம் விழிப்பைத் தரும், தூக்கத்துக்கு ஈடாகாது. "தாமதமாகும்" என்று வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பினால் போதும். அவர்கள் காத்திருப்பது உங்களுக்காக, நேரத்துக்காக இல்லை.

எச்சரிக்கை: நெஞ்சில் அழுத்தம், வலி கைக்கோ தாடைக்கோ பரவுவது, மூச்சுத் திணறல், திடீரென்று ஒரு பக்கம் மரத்துப்போவது ஆகியவை பெருநாள் களைப்பு அல்ல. உடனே 999-ஐ அழையுங்க.

உடம்பே கோயில் என்றார் திருமூலர். கோயிலுக்கு உபயம் செய்யும் நாம், வீட்டில் நடமாடும் கோயிலைக் கவனிக்கிறோமா? தீபாவளி விடியற்காலையில் எல்லாருடைய தலைக்கும் நல்லெண்ணெய் வைப்பவர் அம்மா. கடைசியில் அவசர அவசரமாகத் தானும் குளித்துவிட்டு அடுப்படிக்கு ஓடுவார். விருந்தாளி வரும்போது அவருக்குச் சிரிக்கக்கூடத் தெம்பு இருக்காது. பெருநாளை உண்டாக்கியவருக்கே பெருநாள் இல்லை என்றால் நம்ம கொண்டாட்டத்துக்கு என்ன பொருள்?

இந்த வாரப் பயிற்சி

அ. மூச்சுப் பயிற்சியைத் தினமும் மூன்று வேளை செய்து, வித்தியாசத்தை நோட்டில் எழுதுங்க.

ஆ. வீட்டில் மிச்சமுள்ள வேலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுங்க. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி மாற்றுங்க.

இ. தீபாவளி காலையில் அம்மாவை உட்கார வைத்து, எண்ணெய் தேய்த்து, கழுத்தையும் தோளையும் பத்து நிமிடம் மெதுவாகப் பிடித்துவிடுங்க. "வேண்டாம்பா, வேலை கிடக்கு" என்பார். அந்த வேலையை நீங்க பாருங்க.

அனைவருக்கும் இனிய தீபாவளி வாழ்த்துகள்!