செத்துப்போச்சு என்று சொல்வதற்கு முன்

கணினி பழுதுபார்க்கும் வேலை பழக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பீடோரில் சாயங்காலம் பலமாக இடி இடித்தால், மறுநாள் காலை கடை வாசலில் ஒரு மேசைக் கணினி வந்துவிடும். தூக்கி வந்தவர், "ஐயா, செத்துப்போச்சு" என்பார். பல நேரம் போயிருப்பது பவர் சப்ளை மட்டும்தான்.

இப்படி வருவதில் பழைய பெட்டிகளும் உண்டு. 2000இல் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுத்துக் கணினி வாங்க நம் மலேசியாவில் அனுமதி கிடைத்தது. பால்மரம் வெட்டிச் சேர்த்த காசு, பிள்ளைகளின் படிப்புக்காகக் கணினியாக வீட்டுக்கு வந்தது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் முரசு அஞ்சல் தமிழ் மென்பொருளில் தட்டிய கோயில் கணக்கும் கல்யாணப் படங்களும் இன்னும் கிடக்கின்றன. அதனால் கை வைக்கும் முன் இவற்றை மனத்தில் வையுங்கள்.

1. சுவரிலிருந்து தொடங்குங்கள். கணினியைச் செருகும் சாக்கெட்டில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். நம் மூன்று முனை பிளக்குக்குள் ஃபியூஸ் இருக்கிறது, அது போயிருக்கலாம். வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். பெட்டியின் பின்பக்கச் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும். பிடுங்கியபின் கணினியின் பவர் பொத்தானைச் சில நொடி அழுத்துங்கள். பிறகு பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டு, உடம்பில் தேங்கிய நிலைமின்சாரத்தை இறக்குங்கள்.

3. பவர் சப்ளையின் இரும்புக் கூட்டைத் திறக்காதீர்கள். இது என் கடையின் சட்டம். நம் வீட்டு மின்சாரம், கூட்டுக்குள் நேர்மின்சாரமாக மாறி 300 வோல்ட்டுக்கு மேல் கெப்பாசிட்டரில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஆளைக் கொல்லக்கூடும். புதியதைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். உயிருக்கு மாற்று இல்லை.

4. சோதிக்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மதர்போர்டிலிருந்து பெரிய கனெக்டரைக் கழற்றி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்தபின் மின்சாரம் கொடுங்கள். விசிறி சுற்ற வேண்டும். சில பழைய பவர் சப்ளைகள் சுமை இல்லாமல் ஓடாது. உதவாத ஹார்ட் டிஸ்க் ஒன்றை மாட்டிவிடுங்கள். விசிறி சுற்றினால் மட்டும் போதாது, மல்டிமீட்டர் வையுங்கள். மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வர வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில், இந்தச் சோதனையைச் செய்யாமல் ஓர் அம்மாவிடம் "இனி ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிட்டேன். அவர் கணினியைப் பழைய இரும்பு லோரிக்குப் போட்டுவிட்டார். மகனின் படங்களெல்லாம் அதில்தான் இருந்தன என்று பிறகு சொன்னார். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

5. அளவு பார்த்து வாங்குங்கள். பொதுவான ஏ.டி.எக்ஸ். கூடு 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம். ஒல்லிப் பெட்டிகளுக்கு வேறு அளவு. சாதாரண அலுவலகக் கணினிக்கு 300 வாட் தாராளம். ஆனால் 2000ஐ ஒட்டிய இயந்திரங்கள் 5 வோல்ட், 3.3 வோல்ட் தடங்களிலிருந்தே அதிகம் இழுக்கும். புதிய பவர் சப்ளைகளில் 12 வோல்ட்டுக்கே பலம். லேபிளில் ஒவ்வொரு தடத்துக்கும் எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள்.

6. கனெக்டர் பொருந்துகிறது என்று நம்பிவிடாதீர்கள். 24 முனை கனெக்டரில் 4 முனை தனியே பிரிந்தால், பழைய 20 முனை போர்டிலும் மாட்டலாம். ஆனால் அக்காலத்துப் பெரிய நிறுவனக் கணினிகள் சிலவற்றில் கனெக்டர் ஒன்றுபோல் இருக்கும், வயர் வரிசை வேறாக இருக்கும். தெரியாமல் மாட்டினால் போர்டு கருகும். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நிறம் நிறமாக ஒப்பிடுங்கள். அதைவிடப் பழைய ஏ.டி. பெட்டியில் இரண்டு தனிக் கனெக்டர்கள் வரும். கறுப்பும் கறுப்பும் நடுவில் சேர வேண்டும்.

7. சிவப்புச் சுவிட்சை மறக்காதீர்கள். பழைய பவர் சப்ளைகளின் பின்னால் 115, 230 என்று இருக்கும். நம் நாட்டில் 230இல்தான் நிற்க வேண்டும். 115இல் வைத்து மின்சாரம் கொடுத்தால் வெடிச்சத்தத்தோடு போய்விடும்.

8. கழற்றும் முன் படம் எடுங்கள். பிறகு நான்கு ஸ்குரூவையும் கழற்றுங்கள். பழையதை வெளியே எடுத்ததும் தூசியைத் துடைத்து, போர்டில் உள்ள கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். உப்பியோ பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் புதிய பவர் சப்ளை மட்டும் போர்டைக் காப்பாற்றாது. அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

9. இடிக்கு வழி விடாதீர்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. வானம் கறுக்கும்போதே பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். தொலைபேசிக் கம்பியையும் கழற்றச் சொல்லுங்கள். இடி அந்த வழியாகவும் வரும்.

10. பழையதைக் குப்பையில் எறியாதீர்கள். 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளின்படி மின்னணுக் கழிவு நம் நாட்டில் அட்டவணைக் கழிவு. உரிமம் பெற்றவர்களிடம் போய்ச் சேரும்படி தனியே சேர்த்து வையுங்கள்.

11. கணினி எழுந்ததும் கூலியைக் கேட்காதீர்கள். முதலில் படங்களையும் கணக்குகளையும் வேறொரு டிஸ்கில் நகலெடுத்து அவர்கள் கையில் கொடுங்கள். அடுத்த இடி எப்போது என்று யாருக்கும் தெரியாது. அந்த அம்மாவுக்கு நான் செய்யத் தவறியதை, உங்களிடம் வருகிற ஒவ்வொருவருக்கும் நீங்கள் செய்யுங்கள்.