70 செக்கன், 25 செக்கன், 14 செக்கன்: செயின்சோ மாத்த முதல் ஒரு கணக்கு



போன எபிசோடில் பேச்சுவாக்கில் "சனிக்கிழமை முழுக்கச் செயின்சோவோட நிண்டனான்" என்று வாயை விட்டுட்டன். எபிசோட் முழுக்க நாங்கள் கதைச்சது டேட்டாபேஸ் பற்றி. வந்த மெயில்களில் பாதி செயின்சோ பற்றி. "அண்ணா, அப்பாட்ட இருக்கிற சின்னச் சோ வேலைக்கு ஆகாது, 500-600 டொலருக்குள்ள எது வாங்கலாம்?" என்று மட்டும் நாலு பேர் கேட்டிருக்கிறீங்கள். நானும் போன வருஷம் இதே கேள்வியோடதான் திரிஞ்சன். அப்ப என்ன பிழை விட்டன், என்ன கணக்குப் போட்டன், கடைசியில் காசு எங்க போனது என்பதை எழுதுகிறேன்.

முதலில் நிலவரம். நாங்கள் ஸ்காபரோவை விட்டு பீற்றர்பரோ பக்கம் வந்த குடும்பம். வீட்டில் ஒரு விறகு அடுப்பு இருக்கு. 2022 மே 21ஆம் திகதி தெற்கு ஒன்டாரியோவைப் புரட்டிப் போட்ட புயலுக்குப் பிறகு, இந்தப் பக்கம் பல நாட்கள் கரண்ட் இல்லாமல் இருந்த வீடுகள் நிறைய. அதனால் இங்கே விறகு அடுப்பை யாரும் அலங்காரமாகப் பார்ப்பதில்லை. காணியின் பின்பக்கம் ஆஷ் மரங்கள், எல்லாம் பட்ட மரங்கள். எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டின் வேலை. 2002இல் வின்ட்சர் பக்கம் கண்டுபிடித்தார்கள். அதுக்குப் பிறகு ஒன்டாரியோவில் அது தின்ற ஆஷுக்குக் கணக்கில்லை. நிற்கிற மரங்களை ஆள் பிடித்து விழுத்தினோம். பட்ட ஆஷ் எந்தக் கொப்பு எப்ப முறியும் என்று சொல்ல ஏலாது, அது எங்கட வேலை இல்லை. விழுந்ததைத் துண்டு போடுவதுதான் என் பங்கு.

கையில் இருந்தது 14 அங்குலப் பார் போட்ட, முப்பது சொச்சம் சிசி சின்னச் சோ. வீட்டோட வந்தது. செப்ரெம்பரில் என் கொன்ட்ராக்ட் முடிந்து, அடுத்தது இன்னும் கையெழுத்தாகவில்லை. ஒக்ரோபர் குளிர் வந்திட்டுது. ஒரு துண்டு வெட்ட ஒரு நிமிஷத்துக்கு மேல் எடுத்தது. மோட்டர் கத்துது, புகை வருது, மரம் இறங்கவில்லை. நான் என்ன செய்தன்? மேலே இருந்து அழுத்தினன். முழுப் பாரத்தையும் போட்டு அழுத்தினால் வெட்டு முடியிற அந்தக் கடைசி நொடியில் என்ன நடக்கும் என்று யோசிச்சுப் பாருங்கோ. தாங்கிக்கொண்டிருந்த மரம் இல்லை, சோ அப்படியே கீழே விழுந்து உள்பக்கமாக வந்தது. ஜீன்ஸ் கிழிந்தது, தொடையில் இரண்டு அங்குலத்துக்குத் தோல் போனது. கை த்ரொட்டிலை விட்டிருந்தது, செயின் அநேகமாக நின்றிருந்தது. இல்லையென்றால் இந்த நியூஸ்லெற்றரை வேற யாராவது எழுதியிருப்பினம்.

அன்றிரவே லப்டொப்பைத் திறந்து 60 சிசி சோக்களைப் பார்க்கத் தொடங்கினேன். சின்ன மெசின், அதுதான் பிரச்சினை, பெரிசு வாங்கினால் சரி. அப்பா பின்னால் நின்று பார்த்தார்.

"தம்பி, மெசினைக் குறை சொல்லாத. அரம் எங்க வைச்சிருக்கிறாய்?"

"அரமோ? என்னத்துக்கு அப்பா?"

"ஊரில எங்கட தச்சாசாரியார் வேலை தொடங்க முதல் அரை மணித்தியாலம் வாளைத்தான் ராவுவார். நீ வந்த நாளில இருந்து ஒருக்காவெண்டாலும் ராவினனியோ?"

இல்லை. ஒரு தரமும் இல்லை. குவெரி ஸ்லோ என்றால் சேர்வரைப் பெரிசாக்காதே, முதலில் இன்டெக்ஸ் இருக்கா என்று பார் என்று மற்றவனுக்குச் சொல்லிச் சம்பளம் வாங்குகிற ஆள் நான்.

அடுத்த நாள் ஒரு சோதனை செய்தோம். 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒரே தண்டு. மொட்டைச் செயினோடு ஒரு துண்டுக்குச் சராசரி 70 செக்கன். அரத்தால் ராவின பிறகு, அதே சோ, அதே மரம்: 25 செக்கன். அரத்தின் விலை ஒரு பீற்சாவின் விலை.

ராவுவது எப்படி? உங்கட செயினின் பிட்ச் என்ன என்று முதலில் பாருங்கோ, பாரிலேயே அடித்திருக்கும். சின்னச் சோக்களில் வழமையாக வருகிற 3/8 லோ புரொபைல் செயினுக்கு 4 மில்லிமீற்றர் அரம். நடுத்தரச் சோக்களில் வருகிற .325க்கு 4.8. பெரிய சோக்களின் முழு 3/8க்கு 5.5. பிழையான அரம் போட்டால் பல்லின் வடிவமே கெட்டுப்போகும். பல்லின் உள்பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ள வேணும், திரும்பி இழுக்கேக்க அரத்தைத் தூக்க வேணும். பெரும்பாலான செயின்களுக்கு 30 பாகை. பல்லின் மேலேயே கோடு போட்டிருக்கும். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்று. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைய ராவினால் வெட்டு வாழைப்பழம் மாதிரி வளைந்து போகும். நாலைந்து தரத்துக்கு ஒருமுறை பல்லுக்கு முன்னால் நிற்கிற அந்தச் சின்னக் கொம்பையும் தட்டை அரத்தால் கொஞ்சம் இறக்க வேணும். பல்லுக்கும் அதுக்கும் 0.025 அங்குல இடைவெளி, அநேகமான செயின்களுக்கு அவ்வளவுதான். ஆசைப்பட்டுக் கூட இறக்கினால் செயின் மரத்தைக் கடித்து உதறும்.

கூர் போயிட்டுது என்று எப்படித் தெரியும்? சோ துப்புவதைப் பாருங்கோ. சீவல் சீவலாக வந்தால் நல்லது. மா மாதிரித் தூள் வந்தால் நிப்பாட்டுங்கோ. செயின் ஒரே ஒரு தரம் மண்ணைத் தொட்டாலும் போதும், அந்த நிமிஷமே மொட்டை.

(இடையில் ஒரு கதை. இன்றைய செயினின் பல்லை வடிவமைத்தவர் ஜோசப் கொக்ஸ், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டினவர். 1946இல் ஒரு மரக்குற்றியில் வண்டுப் புழு ஒன்று மரத்தை இடமும் வலமுமாக அரிந்துகொண்டு போவதைப் பார்த்து, அதன் தாடையைப் போலவே பல்லைச் செய்தார். இன்றைக்கும் அடிப்படை அதேதான். எங்கட ஆஷை ஒரு வண்டு கொன்றது, அதை வெட்டுகிற கருவியை இன்னொரு வண்டு சொல்லிக் கொடுத்தது.)

இப்ப கணக்குக்கு வருவம். விறகை இங்கே புஷ் கோர்ட் கணக்கில் அளப்பார்கள்: 4 அடி, 4 அடி, 8 அடி, மொத்தம் 128 கன அடி. பேஸ் கோர்ட் என்று விற்பது, துண்டு 16 அங்குலம் என்றால், அதில் மூன்றில் ஒரு பங்குதான். விறகு வாங்குகிற ஆட்கள் கவனம். அடுக்கில் காற்று இடைவெளியைக் கழித்தால் ஒரு புஷ் கோர்ட்டில் உண்மையான மரம் ஏறத்தாழ 2.4 கனமீற்றர். 40 சென்ரிமீற்றர் நீளத் துண்டுகளாக வெட்டினால், 2.4ஐ 0.4ஆல் பிரியுங்கோ: 6 சதுரமீற்றர் பரப்பை அரிய வேணும். மரம் பெருத்ததோ மெலிந்ததோ, அந்த 6 மாறாது. மெல்லிய தடி என்றால் வெட்டு அதிகம், ஆனால் ஒவ்வொன்றும் சின்னது.

என் 40 சென்ரிமீற்றர் தண்டில் ஒரு வெட்டு 0.126 சதுரமீற்றர். அப்படியென்றால் ஒரு கோர்ட்டுக்கு 48 வெட்டு. எங்களுக்கு வருஷத்துக்கு மூன்று கோர்ட் வேணும். மொட்டைச் செயினோடு 2 மணி 48 நிமிஷம். கூர்ச் செயினோடு ஒரு மணித்தியாலம். வருஷம் முழுக்க ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான்!

நான் பேப்பரைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஏனென்றால் எனக்குப் போனது நாலு வார இறுதி. அப்ப மிச்ச நேரம் எங்கே? பிளக்கிறது, தள்ளுவண்டியில் ஏற்றுறது, அடுக்கிறது. கம்பியூட்டர் சயன்ஸ் படித்த ஆட்களுக்கு இது 1967இல் ஜீன் அம்டால் சொன்ன விஷயம்: வேலையின் ஒரு சின்னப் பகுதியை எவ்வளவு வேகமாக்கினாலும், மொத்த நேரம் அந்தப் பகுதியின் அளவுக்கு மேல் குறையாது. உலகத்தில் உள்ள ஆகப் பெரிய சோவை வாங்கினாலும் எனக்கு மிச்சம் ஒரு மணித்தியாலத்துக்கு உள்ளேதான்.

அப்ப மாத்தவே தேவையில்லையோ? வருஷம் ஒரு கோர்ட்டுக்குக் கீழே, மரமும் 30 சென்ரிமீற்றருக்கு உள்ளே என்றால், என் அபிப்பிராயம் தேவையில்லை. அரம் வாங்குங்கோ. எனக்கு மாத்த இருந்த காரணம் வேகம் இல்லை, பாரின் நீளம். 14 அங்குலம் என்றால் 35 சென்ரிமீற்றர். ஆஷின் அடிப்பக்கம் 50. ஒரு பக்கம் வெட்டி, மறுபக்கம் போய், இரண்டு வெட்டையும் பொருத்தி, நடுவில் பார் இறுகி... களைக்கிறது அங்கேதான். களைச்ச ஆள்தான் சோவை அழுத்துவான். என் தொடைக்கு அது தெரியும்.

காசைப் பிரித்தோம். மொத்தம் 600 டொலர். முதலில் சாப்ஸ், அதாவது காலுக்கு முன்னால் கட்டுகிற தடித்த கவசம். செயின் பட்டால் உள்ளே இருக்கிற நார் பிய்ந்து போய் ஸ்புரொக்கட்டில் சுற்றிச் செயினை நிப்பாட்டும். வலையும் காதடைப்பும் உள்ள ஹெல்மெட். இரண்டு சோவுக்குமான அரங்கள், ஒரு உதிரிச் செயின். எல்லாமாக 250 போனது. மிச்சம் 350.

பற்றரிச் சோ பற்றியும் கேட்டிருந்தீங்கள். லேபலில் 56 வோல்ற், 5 அம்பியர்-அவர் என்று போட்ட ஒரு பற்றரியில் 280 வட்-அவர். அரை லீற்றர் பெற்றோலில் நாலு கிலோவட்-அவருக்குக் கொஞ்சம் மேலே. சின்ன இரண்டு-ஸ்ட்ரோக் எஞ்சின் அதில் ஐந்தில் ஒன்றைத்தான் வேலையாக மாற்றும் என்று வைத்தாலும் 800க்கு மேல் வரும். ஒரு டாங்க் ஏறத்தாழ மூன்று பற்றரி. கொப்பு வெட்ட, டவுன்ஹவுஸ் பின்வளவுக்கு, அந்தக் கொம்பனியின் பற்றரி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், யோசிக்காமல் வாங்குங்கோ. மூன்று கோர்ட்டுக்கு வேண்டாம். ஒரு கவனம்: மின்சாரச் சோ ஓட்டினால் சாப்ஸ் அதுக்கும் ஏற்றதா என்று லேபலில் பாருங்கோ. மின்மோட்டரின் இழுவை வேற மாதிரி, எல்லாச் சாப்ஸும் அதை நிப்பாட்டாது.

பெற்றோலில் பார்த்தது மூன்று. ஸ்டீல் எம்எஸ் 271, 50.2 சிசி, பாரும் செயினும் இல்லாமல் 5.6 கிலோ. ஹஸ்க்வர்னா 450, அதுவும் 50.2 சிசி, 5.1 கிலோ. எக்கோ சிஎஸ்-590, 59.8 சிசி, 6 கிலோ. மூன்றும் 50 சென்ரிமீற்றர் ஆஷுக்குப் போதும். வருஷத்தில் ஒரு மணித்தியால வேலைக்கு 60 சிசியைத் தூக்கித் திரிய எனக்கு விருப்பமில்லை. பிராண்ட் சண்டைக்கு நான் வரவில்லை. பக்கத்தில் எந்த டீலர் திருத்தித் தருவார் என்று பாருங்கோ, அது காணும்.

350க்கு இதெல்லாம் புதிதாகக் கிடைக்காது. பழசு தேடினேன். பார்க்கப் போகேக்க இதைச் செய்யுங்கோ: ஸ்டார்ட் பண்ண முதல் மஃப்ளரில் கை வையுங்கோ. சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத சோவை நீங்கள் வர முதல் ஓட்டி வைத்திருக்கலாம். ஸ்டார்ட்டர் கைப்பிடியில் சோவைத் தொங்க விடுங்கோ; விக்கி விக்கி மெதுவாக இறங்கினால் கொம்ப்ரெஷன் இருக்கு, சர்ரென்று இறங்கினால் இல்லை. பிறகு, கேட்டுவிட்டு, மஃப்ளரைக் கழற்றி டோர்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கோ. நான் பார்த்த முதலாவது சோவில் நெட்டாகக் கீறல்கள். ஒயில் கலக்காத பெற்றோலில் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். "முந்தநாள்தான் ஓடினது" என்றார் விற்றவர். ஓடியிருக்கும், இன்னும் இரண்டு வாரம் ஓடும். இரண்டாவது, லின்ட்சே பக்கத்தில் ஒரு பென்ஷன்காரரின் 450. பிஸ்டன் மினுங்கியது. ஐட்லிங்கில் செயின் அசையவில்லை, பிரேக் உடனே பிடித்தது, மட்டைக்கு நேரே பாரின் நுனியைப் பிடித்து ஓட்டினால் ஒயில் கோடு விழுந்தது. 18 அங்குலப் பாரோடு 310 டொலர்.

கலவை 50க்கு 1, அதாவது 5 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர் இரண்டு-ஸ்ட்ரோக் ஒயில். ஒரு மாதத்துக்கு மேல் நின்ற கலவையை ஊற்றாதீங்கோ. எத்தனால் கலந்த பெற்றோல் என்றால் கட்டாயம் ஊற்றாதீங்கோ. பாரின் நுனியின் மேல் கால்வாசி எதிலும் முட்டக் கூடாது, முட்டினால் சோ உங்கட முகத்துக்குத் திரும்பி வரும். யாரிடமாவது பக்கத்தில் நின்று ஒருநாள் பழகாமல் தனியத் தொடங்க வேண்டாம்.

முதல் ஞாயிறு அதே தண்டு, அதே 40 சென்ரிமீற்றர். அப்பா போனில் நேரம் பிடித்தார். 14 செக்கன்.

"பதினொரு செக்கன் மிச்சம்," என்றார். "அதுக்கு 310 டொலரோ தம்பி?"

"வருஷத்துக்கு 26 நிமிஷம் அப்பா."

"சரி. அந்த 26 நிமிஷத்தையும் இங்க வந்து அடுக்கு."

அடுத்த கிழமை எபிசோட் திரும்பவும் டேட்டாபேஸ்தான். உங்கட சோ சரியில்லை என்று எழுதுகிற ஆட்கள், அது துப்புகிற தூளின் போட்டோ ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கோ.