மூதாதையர் விட்டுச்சென்ற மரபணு

குளிர்காலத்தில் சாந்த்ராகாச்சி ஏரிக்குப் பறவைகள் வலசை வருகின்றன. மனிதரும் இடம்பெயர்ந்தே உலகெங்கும் பரவினர். ஆப்பிரிக்காவில் தோன்றிய நம் முன்னோர், பிற கண்டங்களுக்குச் சென்றபொழுது, அங்கு முன்னரே வாழ்ந்த நியாண்டர்தால் மனிதரோடு கலந்தனர். அக்கலப்பின் சுவடுகள் நம் உடலில் இன்றும் உள்ளன.

இதனை மெய்ப்பித்தவை பழங்கால எலும்புகள். அவற்றில் எஞ்சியுள்ள டி.என்.ஏ.வை ஆராய்ந்து, நியாண்டர்தால் மனிதரின் மரபணுத் தொகுதியை வெளிப்படுத்திய சுவாந்தே பேபோ, 2022இல் நோபல் பரிசு பெற்றார். வெப்பமும் ஈரமும் டி.என்.ஏ.வை விரைவில் சிதைக்கும். அரியானாவின் இராக்கிகடியில் 60க்கும் மேற்பட்ட மாதிரிகளை ஆராய்ந்தும், ஒரு பெண்ணின் எலும்பே பயன் தந்தது. குரோவேசியாவின் விண்டிஜா குகையிலோ ஏறத்தாழ 50,000 ஆண்டுப் பழமையான எலும்பும் ஆய்வுக்கு உதவியது.

2020இல் கொரோனா பரவியபோது, சிலர் மட்டும் கடுமையாக நோயுற்றது ஏன் என்று அறிஞர் ஆராய்ந்தனர். மூன்றாம் குரோமோசோமின் ஒரு பகுதியும் அதற்குக் காரணம் எனத் தெரிந்தது. பேபோவும் ஹியூகோ செபெர்க்கும் அப்பகுதியை விண்டிஜா எலும்பின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டனர். அது நியாண்டர்தால் வழி வந்தது என்பது புலனாயிற்று. ஐரோப்பியருள் 16 விழுக்காட்டினரும், தெற்காசியருள் ஏறத்தாழப் பாதிப்பேரும், வங்கதேசத்தில் 63 விழுக்காட்டினரும் அதனைப் பெற்றுள்ளனர்.

தீங்கு தரும் ஒன்று இத்துணைப் பெருகியது ஏன்? முற்காலத்தில் வேறொரு கொள்ளைநோயிலிருந்து அது மக்களைக் காத்திருக்கலாம் என்பர். இக்கருத்து இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும், அப்பகுதியை உடையோர்க்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு 27 விழுக்காடு குறைவு எனச் செபெர்க் 2022இல் கண்டறிந்தார். கொரோனாவின் கடுமையைக் குறைக்கும் மற்றொரு பகுதியும் நியாண்டர்தால் கொடையே.

எனவே, மரபணுவை நல்லது, தீயது எனப் பிரித்தல் பொருந்தாது. ஒரு நோய்க்குக் கேடயமாவது மற்றொன்றுக்கு வாயிலாகலாம். அதனைப் பெற்றோர் அனைவரும் கடுமையாக நோயுறுவதும் இல்லை. வயது, உடல்நிலை, தடுப்பூசி ஆகியனவும் நம் நலத்தை முடிவுசெய்கின்றன. இன்றைய மொழிகளும் மாநிலங்களும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இம்மரபுச் செல்வம் பலர்க்கும் பொதுவாயிற்று.

சொற்பொருள்
வலசை – பருவத்திற்கேற்ப இடம்பெயர்தல்
சுவடு – தடம்
விழுக்காடு – சதவீதம்
கொடை – ஈகை

பயிற்சி
1. இராக்கிகடியில் ஓர் எலும்பு மட்டுமே பயன் தந்தது ஏன்?
2. ‘ஒரு நோய்க்குக் கேடயமாவது மற்றொன்றுக்கு வாயிலாகலாம்’ – பாடத்தின்வழி விளக்குக.
3. பிரித்து எழுதுக: அக்கலப்பு, இம்மரபு.