டீசல் டேங்கில் துருவா? நீங்களே அகற்றலாம்

பழைய டிராக்டர், பம்ப்செட் என்ஜின்களில் பில்டரை மாற்றியும் அடிக்கடி அடைப்பு ஏற்பட்டால், முதலில் டேங்கின் உட்புறத்தை டார்ச் விளக்கால் பார்க்க வேண்டும். பாதி காலியான டேங்கில் உள்ள காற்றின் ஈரம் இரவுக் குளிர்ச்சியில் நீராகிறது. டீசலை விடக் கனமான நீர் அடியில் தங்குவதால் அங்கே துரு பிடிக்கிறது. துருத்தூள் பம்ப், நாசில் வரை சென்றுவிட்டால் செலவு அதிகமாகும். பயிருக்குத் தண்ணீர் பாயும் நேரத்தில் என்ஜினும் நின்றுவிடும்.

சுத்தம் செய்யும் முறை

டீசலை வடித்துவிட்டு டேங்கைக் கழற்றவும். குழாய், வடிகட்டி, ரப்பர் வாஷர்களை எடுத்துவிட்டு, துளைகளைக் கட்டை வைத்து அடைக்கவும். சலவை சோடா கலந்த வெந்நீரால் இரண்டு மூன்று முறை கழுவி எண்ணெய்ப் பசையைப் போக்கவும். எண்ணெய் இருந்தால் மருந்து துருவைத் தொடாது.

பிறகு சிறிய இரும்புச் சங்கிலியை நீருடன் உள்ளே விட்டுக் குலுக்கினால் செதில் துரு உதிரும். சங்கிலியின் ஒரு முனையைக் கம்பியில் கட்டி வெளியே விட்டால் எடுப்பது எளிது.

அடுத்து, லிட்டர் நீருக்கு 100 கிராம் சிட்ரிக் அமிலம் (எலுமிச்சை உப்பு) கரைத்து டேங்கை நிரப்பி ஓர் இரவு வைக்கவும். வாயு வெளியேற மூடியைத் திறந்தே வைக்கவும். காலையில் கொட்டிக் கழுவி, லிட்டருக்கு இரண்டு கரண்டி சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, மீண்டும் நல்ல நீரில் கழுவவும். ஈரம் நின்றால் உடனே மீண்டும் துரு பிடிக்கும். ஆகவே பஞ்சர் கடையில் காற்றுப் பிடித்து, வெயிலில் உலர்த்தி, சிறிது டீசல் ஊற்றி எல்லாப் பக்கமும் படும்படி உருட்டவும். இம்முறை இரும்பு டேங்குக்கு மட்டுமே. அலுமினிய, நாகமுலாம் பூசிய டேங்குகளுக்கு ஆகாது.

எச்சரிக்கை

வேலையைத் திறந்தவெளியில் செய்யவும். பீடி, தீக்குச்சி அருகில் கூடாது. ஓட்டை விழுந்த டேங்கை வீட்டிலேயே பற்ற வைக்க முயல வேண்டாம். காலி டேங்கில் தங்கிய ஆவி வெடித்து உயிரையே பறிக்கும். மாற்று டேங்கு பொருத்துவதே நல்லது. கழுவிய நீரைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது.

டேங்கைப் பொருத்தியதும் புதிய பில்டர் போட்டு, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றிய பின்பே என்ஜினை ஓட்டவும். இனி மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை ஏறக்குறைய நிரப்பி வைத்து, வாரம் ஒரு முறை அடித்திருகைத் தளர்த்தி நீரை வடித்துவிட்டால் துருத் தொல்லை வராது.