கர்ப்பிணிக்கு முட்டை பன் ஆகுமா?

முட்டை கஸ்டர்ட் வைத்து ஆவியில் வேகவைத்த பன்னைக் கர்ப்பிணிகள் தாராளமாகச் சாப்பிடலாம், நடுப்பகுதிவரை வெந்திருந்தால். கெடுதல் செய்வது முட்டை அல்ல, வேகாத முட்டையில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமி. உள்வரை 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி நன்றாக வெந்தால் அது அழிந்துவிடும். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததற்கும் இத்தகைய கிருமிகள்தான் காரணம். சாயங்காலம் கடையில் வாங்கும் ஆஃப்பாயிலுக்கும் இதே அளவுகோல்தான்: மஞ்சள் கரு வழிந்தால் வேண்டாம், திருப்பிப் போட்டுக் கெட்டியாகும்வரை வேகவிடச் சொல்லுங்கள்.

நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாகக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்பார்கள். கோழியின் குடலில் வாழும் கிருமி நாட்டுக்கோழி, பண்ணைக்கோழி என்று பார்ப்பதில்லை. வம்பே வேண்டாம், உடம்புக்குச் சூடு வேறு என்று முட்டையையே நிறுத்துவதும் சரியல்ல. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதமும், குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கோலினும் இருக்கின்றன. பன்னுக்குள் வைக்கக் கடையில் வாங்கும் கஸ்டர்ட் பவுடர் பெரும்பாலும் சோளமாவுதான், முட்டை இருக்காது. ஆனாலும் அதைப் பாலில் காய்ச்சுவதால் அந்தப் பன்னை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, நல்ல வெயில் காலத்தில் 1 மணி நேரம்தான். ஃப்ரிட்ஜில் வைத்த பன்னை இட்லிப் பானையில் மறுபடி ஏற்றி, பிட்டுப் பார்த்து, நடுவிலும் ஆவி பறந்தால் மட்டும் கொடுங்கள். அதையும் மீறிக் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால் கை வைத்தியம் பார்க்காமல் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.